மேல் வீட்டுச் சத்தம்

இல்ல தம்பி, சண்டைக்கு வரல. கதவத் தொறந்த உடனே உங்க மூஞ்சி போன போக்கு தெரியுது, மேல் வீட்டுக் கெழவி சீட்டும் கையுமா வந்துட்டா, இன்னைக்கு ஒரு பாடு பேசாம நகர மாட்டான்னு. பேசத்தான் போறேன். ஆனா சண்ட இல்ல. ஒரு உதவி வேணும், அதான் வந்தேன். மொதல்ல ஒரு நாற்காலி போடுங்க. மூணாவது மாடியிலருந்து ரெண்டாவது மாடிக்கு எறங்கறதுக்குப் பத்து நிமிஷம் ஆயிடுச்சு. கால்ல கட்டா? அது இருக்கட்டும், அந்தக் கதையும் வரிசையில வரும்.

இந்தச் சீட்டு நீங்க எழுதினதுதானே? கையெழுத்து முத்து முத்தா இருக்கு. மேல் வீட்டு ஐயாவுக்கு, சத்தம் தாங்கலன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. நாலு வருஷமா உங்க தலைக்கு மேல குடியிருக்கேன், ஐயாவா அம்மாவான்னு தெரியல பாருங்க. அட, அதுக்கு ஏன் மன்னிப்பெல்லாம். எனக்கு மட்டும் உங்களப் பத்தி என்ன தெரியும்? சாயங்காலம் பை மாட்டிக்கிட்டுப் போவீங்க, காலையில கண்ணு செவந்து வருவீங்க. என்ன உத்தியோகம்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல.

லிஃப்ட் கம்பெனியா? அங்க ராத்திரில என்ன வேல?

ஓஹோ. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க அந்த மணி பட்டன அமுக்கினா, அந்தப் பக்கம் பேசறது நீங்கதானா. ரொம்ப நல்லதாப் போச்சு. இல்ல இல்ல, சும்மா சொன்னேன். நீங்க டீ குடிங்க, ஆறிடப் போகுது. எனக்கு வேண்டாம்.

சத்தத்துக்கு வரேன். அதுக்கு முன்னாடி எங்க கம்பெனி கதை கொஞ்சம் கேட்கணும், இல்லன்னா ஒண்ணும் புரியாது. நான் பிஸ்கட் கம்பெனியில டைம் ஆபீஸ்ல இருந்தேன். முப்பத்தி நாலு வருஷம். கம்பெனி கேட்டத் தாண்டினதும் ஒரு ஜன்னல் இருக்கும், அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நான். யார் எத்தன மணிக்கு வந்தாங்க, யார் வரல, யாருக்கு அரை நாள், எல்லாம் என் நோட்டுல. டைம் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, மேனேஜர்லருந்து கூட்டறவங்க வரைக்கும். நிமிஷம் பிசகினாலும் செவப்பு மை. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப, வாசல்ல செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே எத்தன நிமிஷம் லேட்டுன்னு அவரே சொல்லிடுவாரு. அப்படி ஒரு பேரு எடுத்திருந்தேன்.

அப்புறம் ரிட்டயர் ஆனேன், அவரும் போயிட்டாரு. பையன் வெளியூர்ல இருக்கான், ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல மொகம் காட்டிப் பேசுவான். நல்ல பையன், குத்தம் சொல்லக் கூடாது. அவன்தான் இந்த போன வாங்கிக் குடுத்து, வாட்ஸப்பெல்லாம் போட்டுக் குடுத்துட்டுப் போனான். எங்க பழைய யூனியன் தலைவர் ஒரு குரூப் ஆரம்பிச்சாரு. பிஸ்கட் குடும்பம்னு பேரு. அறுபத்தி ரெண்டு பேரு. எல்லாம் ரிட்டயர் ஆன கட்டைங்க, பாதிப் பேரு தனிக்கட்டைங்க.

காலையில விடிஞ்சா ஆளுக்கு ஒரு காலை வணக்கம் படம். ரோசாப்பூ, சூரியன், காப்பி கப்புல ஆவி. நீங்க சிரிக்கறீங்க. உங்க வயசுல எங்களுக்கும் சிரிப்புதான் வந்திருக்கும். ஆனா ஒரு நாள் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி தோணிச்சு, இது வணக்கம் இல்ல, வேலைக்கு வந்துட்டேன்னு கார்டு பஞ்ச் பண்றதுன்னு. பூ வந்துடுச்சா, ஆள் உசுரோட இருக்காரு. வரலையா, விசாரிக்கணும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? நோட்டு ஒண்ணு வாங்கினேன், கோடு போட்டேன், அறுபத்தோரு பேரையும் எழுதினேன். காலையில எட்டு மணி வரைக்கும் டைம். எட்டு அஞ்சுக்கு லிஸ்டு போட்டுடுவேன், இன்னைக்கு வராதவங்க இன்னார் இன்னார்னு. எட்டரைக்கு அவங்கவங்களுக்கு போன்.

வேலியில போற ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்ட கதைதான். அடுப்பு அண்ணன்னு ஒருத்தர், பிஸ்கட் வேக வெக்கற அடுப்பு பார்த்தவர். அவரு காலையில இனிய இரவுன்னு படம் போடுவாரு. கண்ணாடி போடாம தேடறது. அவருக்கு அரை நாள்தான் போடுவேன். இன்னொருத்தர் லாரி மாமா. ராத்திரியே காலை வணக்கம் போட்டுட்டுப் படுத்துடுவாரு, காலையில தூக்கம் கெடக் கூடாதாம். அதெல்லாம் எங்கிட்ட நடக்குமா? முன்கூட்டியே பஞ்ச் பண்றது குத்தம்னு சொல்லிட்டேன். பேக்கிங் அக்கா பேத்தி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு கேட்டு முறையா எழுதிப் போட்டாங்க. குடுத்தேன்.

விளையாட்டுன்னு நெனைக்காதீங்க. போன வருஷம் லாரி மாமா பூ வரல. எட்டரைக்கு அடிச்சேன், எடுக்கல. அவர் தெரு முனையில இருக்கற மருந்துக்கடை நம்பர் எங்கிட்ட உண்டு, எல்லார் வீட்டுக்கிட்டயும் யாராவது ஒருத்தர் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். மருந்துக்கடைக்காரர் போய்ப் பார்த்தா, மனுஷன் சக்கரை எறங்கிப் போயி சமையக்கட்டுல விழுந்து கெடக்காரு. பொழச்சுட்டாரு. அன்னைக்கு குரூப்ல எனக்குக் கெடச்ச கைதட்டல எண்ணி முடிக்கல நானு. எங்க காவல் தெய்வம்னு கூட எழுதினாங்க. எனக்கும் கொஞ்சம் தல கனத்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

இருங்க, வந்துட்டேன் சத்தத்துக்கு.

டைம் ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு தம்பி. கார்டு எல்லாருக்கும் உண்டு, டைம் ஆபீஸ்ல உட்காந்திருக்கறவளுக்குக் கெடையாது. ஜன்னல் தொறந்திருந்தா அவ வந்திருக்கான்னு அர்த்தம். அவ்வளவுதான். அதே பழக்கத்துல, குரூப் நோட்டுலயும் என் பேர நான் எழுதல. அறுபத்தி ரெண்டு பேரு குரூப்ல, அறுபத்தோரு பேரு நோட்டுல. ரெண்டு வருஷமா யாரும் கேட்கல, எனக்கும் தோணல.

இந்தச் செவ்வாக்கிழமை காலையில லிஸ்டு போகல. எட்டு மணி ஆச்சு, ஒம்போது ஆச்சு, போகல. யூனியன் தலைவர் என்ன எழுதினாரு தெரியுமா? இன்னைக்கு டைம் அக்கா லீவு, அதனால எல்லாருக்கும் லீவுன்னு. அதுக்குப் பதினேழு பேரு கைதட்டியிருக்காங்க. அடுப்பு அண்ணன் ஒரு குரங்கு ஆடற படம் போட்டிருக்காரு. பேக்கிங் அக்கா, நாளைக்கும் லீவு விட்டா நல்லா இருக்கும்னு. சாயங்காலம் நாலு மணிக்கு உட்காந்து ஒண்ணொண்ணாப் படிச்சேன். நல்ல மனுஷங்கதான். ஜன்னல் மூடியிருந்தா குஷியாத்தான் இருக்கும், கம்பெனியிலயும் அப்படித்தான் இருந்தாங்க.

ஏன் நாலு மணி வரைக்கும் பாக்கலன்னு கேளுங்க. காலையில ஏழு மணியிலருந்து பாத்ரூம்ல கெடந்தேன்.

அட, டீயக் கீழ வைங்க, கொட்டிடப் போகுது. ஒண்ணும் இல்ல, சோப்புத் தண்ணி வழுக்கிடுச்சு. கணுக்கால் மடங்கி, இடுப்புல அடி. எழுந்திருக்க முடியல. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, தான் விழுந்துச்சாம் கழனிப் பானையில. போன் சமையக்கட்டுல. டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு டிங்குக்கும் நெனைக்கறேன், தேடறாங்க, என்னத்தான் தேடறாங்கன்னு. கத்திப் பார்த்தேன். மத்தியானத்துக்குள்ள தொண்ட போயிடுச்சு. அப்புறம்தான் தண்ணி மோக்கற மக்க எடுத்துத் தரையில தட்ட ஆரம்பிச்சேன்.

ஆமா. அந்தச் சத்தம்தான்.

இருங்க தம்பி, முழுசாச் சொல்லிடறேன். அப்புறம் பெல் அடிச்சுச்சு. எனக்குக் கேட்டுச்சு. யாரோ வந்துட்டாங்கன்னு தட்டறத நிறுத்திட்டேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன். நீங்க வெளிய நின்னு, சத்தம் நின்னுடுச்சு, புத்தி வந்துடுச்சுன்னு சீட்ட ஒட்டிட்டு எறங்கிப் போயிட்டீங்க. செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியா எறங்கறது கேட்டுச்சு. மறுபடி தட்டக் கையில தெம்பு இல்ல.

உங்க மேல குத்தம் சொல்லல. நெஜமாத்தான். தலையத் தொங்கப் போடாதீங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு வந்து படுத்தவன் தலைக்கு மேல யாரோ டங்கு டங்குன்னு தட்டினா நான் கூட சீட்டு எழுதியிருப்பேன். செவப்பு மையில எழுதியிருப்பேன். அப்புறம் எப்படியோ பக்கெட்டக் கவுத்துப் போட்டு, கதவுப் பிடியப் புடிச்சு, நகந்து நகந்து வெளிய வந்துட்டேன். டாக்டர்கிட்ட போகணும்னு வாசக் கதவத் தொறந்தப்ப உங்க சீட்டு. நின்ன வாக்குல படிச்சுட்டு அழுதுட்டேன். திட்டினதுக்கு இல்ல. ஒம்போது மணி நேரத்துல எனக்குன்னு மாடி ஏறி வந்தது நீங்க ஒருத்தர்தான்.

குரூப்ல சொல்லல. சொன்னா அறுபத்தோரு பேரும் அழற பொம்ம போடுவாங்க, பாவம். பக்கத்துல இருக்கறவங்களே ரெண்டு பஸ் மாறி வரணும். மறுநாள் எட்டு அஞ்சுக்கு வழக்கம் போல லிஸ்டு போட்டுட்டேன். பையன்கிட்டயும் ஞாயித்துக்கிழமை பக்குவமாச் சொல்லிக்கறேன். விழுந்தது செவ்வா, அவன் போனுக்கு அஞ்சு நாள் இருந்துச்சு. அதத்தான் மூணு நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். பயமாத்தான் இருக்கு தம்பி.

அதான் உதவி. இந்தாங்க, எங்க வீட்டு இன்னொரு சாவி. காலையில நீங்க எட்டு மணிக்குள்ள வந்துடுவீங்க இல்ல? எட்டு மணிக்கு நான் ரெண்டு தட்டு தட்டுவேன். ரெண்டே ரெண்டு. கேட்டுச்சுன்னா நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க, மூணாவது தட்டு தட்டினா இன்னொரு சீட்டு எழுதுங்க. கேட்கலன்னா மட்டும் மேல வாங்க. பெல் அடிச்சுட்டு நிக்காதீங்க, நேரா தொறந்து உள்ள வந்துடுங்க. மாட்டிக்கிட்டவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன.

பதிலுக்கு நீங்களும் தட்டறீங்களா? தொடப்பக் கட்டையாலயா? சரியாப் போச்சு, தட்டுங்க. நீங்களும் ஒண்டிதானே.

இருங்க, நோட்டக் கையோட கொண்டு வந்திருக்கேன். அறுபத்தோராவது வரிக்குக் கீழ, கீழ் வீடுன்னு எழுதியாச்சு. அதுக்கும் கீழ, இந்தா, மேல் வீடு. இத்தன வருஷத்துல நோட்டுல என் பேர நான் எழுதறது இதான் மொத தடவ.

எட்டு மணி. லேட்டு பண்ணினா அரை நாள்தான், சொல்லிட்டேன்.