ஜட்ஜய்யாவுக்குப் போடுற இலை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நம்ம மேலக்கொன்னையில திருமேனின்னு ஒருத்தரு பொறந்தாராம். வக்கீலுக்குப் படிச்சாரு. மெட்ராசுக்குப் போயி, சட்டசபையில உக்காந்து, வெள்ளைக்காரனையே கேள்வி கேட்டாரு. அப்புறம் நம்ம பக்கத்துக்கே ஜட்ஜா வந்தாரு. ஏய், அங்க என்ன குசுகுசுப்பு? கதை கேக்கவா வந்த, கதை அளக்கவா?

ஆளு பெரிய ஆளுதான். ஆனா வீட்டுக்குள்ள போனா பேச நாதியில்ல. சம்சாரம் தலைப்பிரசவத்துலயே போயிட்டா. மிச்சம் ஒரே தங்கச்சி, ஆவுடை. கீழக்கொன்னையில வாக்கப்பட்டவ. ஞாயித்துக்கிழமை அவ கையால சாப்பிடுறதுதான் மனுசனுக்கு இருந்த ஒரே சந்தோசமாம்.

அப்பப் பாத்து வந்துச்சு கண்மாய் வழக்கு. தண்ணி மேலக்கொன்னைக்கா, கீழக்கொன்னைக்கா? அரிவாளத் தூக்குற வரைக்கும் போயிருச்சு. "எனக்கு ரெண்டும் சொந்த ஊரு, வேற ஜட்ஜப் பாருங்க"ன்னாரு. "நீங்க சொன்னாத்தான் கட்டுப்படுவோம்"னு ரெண்டு ஊரும் ஒத்தக் கால்ல நின்னுச்சாம்.

"அப்ப, தீர்ப்புச் சொல்ற வரைக்கும் ரெண்டு ஊருலயும் எந்த வீட்டுலயும் கை நனைக்க மாட்டேன்"னு வாக்குக் குடுத்துட்டாரு. ஒரு வீட்டுல சாப்பிட்டுட்டா அந்த வீட்டுக்கு எதிரா வாய் தொறக்க மாட்டோம்ல, அதுக்குத்தான்.

வழக்கு இழுத்துக்கிட்டே போகுது. ஆவுடை மகளுக்குக் கல்யாணம் வந்துருச்சு. தாய்மாமன் இல்லாத கல்யாணமா? சீர் கொண்டாந்தாரு, மால எடுத்துக் குடுத்தாரு. பந்தின்னதும் பந்தல் வாசலுக்கு வெளிய போயி நின்னுக்கிட்டாராம்.

ஆவுடை ஓடியாந்தா. "அண்ணே, மொத இலை உனக்குத்தாண்ணே. சம்பந்தி வீட்டுக்காரக பாக்காக."

"வேண்டாம்மா."

"சோறு வேண்டாம். ஒரு வாய்ப் பாயசம்."

"ஆவுடை, ஊருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எனக்கு? எனக்கு என்ன குடுத்திருக்க?"

அவரு திரும்பிட்டாரு. வெறும் வயித்தோட வெயில்ல நடந்தே போயிட்டாரு. ஆவுடை அந்த இலைய எடுக்கவே விடலையாம்.

தீர்ப்பு கீழக்கொன்னைக்கு ஆச்சு. மேலக்கொன்னைக்காரன் ஒருத்தன்கூட கம்பத் தூக்கல. "சொந்தத் தங்கச்சி வீட்டுலயே கை நனைக்காத மனுசன்டா, விடு"ன்னு கலைஞ்சு போயிட்டாக.

அவரு கோர்ட்டுல இருந்து நேரா ஆவுடை வீட்டுக்குத்தான் வந்தாரு. "தாயி, இலையப் போடு."

"அன்னிக்கே போட்டாச்சு." கதவுக்குப் பின்னாடி இருந்து சொன்னா. கதவு தெறக்கல.

அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை ஆனா வருவாராம். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிருவாராம். கல்லுதான்யா அவ மனசு! ஒருநா வரல. பொங்குன சோறு சட்டியில இருக்க, பக்கத்துல ஒரு ஆளில்லாம போய்ச் சேந்துட்டாரு.

ஆவுடை தலவிரிகோலமா ஓடுனா. "வந்து வந்து நின்னியேண்ணே, நான் தெறக்கலியே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. அழுது என்ன பண்ண?

அடுத்து அவ வீட்டுல வந்த கல்யாணத்துல, மொத இலைய அவளே பந்தல் வாசலுக்கு வெளிய போட்டாளாம். அன்னையில இருந்து ரெண்டு கொன்னையிலயும் அதுதான் வழக்கம். எல்லாம் பரிமாறிட்டு, பொண்ணப் பெத்தவ வந்து, "அண்ணே, கை நனைங்கண்ணே"ன்னு கூப்புடுவா. யாரும் வரப்போறதில்லன்னு தெரியும். ஆனாலும் எல்லாரும் வாசலப் பாத்துக்கிட்டு நிப்போம். அப்புறம்தான் பந்தி.