தானாக எழும் கைக்குத் தலைகுனிவு இல்லை என்ற வாத்தியாரம்மாவுக்கு

பராகுவே ஆற்றங்கரை யுகுவாத்தி நகரின் காவலர் பயிற்சிப் பள்ளியில் கைக்கெட்டும் தூரத்துத் தற்காப்புக் கலையைக் கற்பித்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பேரன்புக்குரிய வாத்தியாரம்மா, சப்-இன்ஸ்பெக்டர் லிதுவினா கசேரெஸ் அவர்களின் கரங்களில், உடன் உழைத்தவர்கள் உள்ளம் உவந்து அளிக்கும் மடல்.

அச்சத்தின் அருமையை அறியவைத்த அம்மையீர்!

வாளினும் கூரிய வாய்ச்சொல் வாய்க்கப்பெற்றவரே, வலிமையை வம்புக்கு வளர்க்காமல் வாழ்வைக் காக்க வளர்த்தவரே, கடுமையிலும் கனிவு காட்டியவரே என்று இன்னும் ஒரு பக்கத்துக்கு அடுக்க ஆசைதான். ஆனால் முன்வரிசையில் அமர்ந்தபடி தாங்கள் இப்போதே கண்ணை உருட்டுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். "எர்மெலிந்தா, சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாடீ" என்று தாங்கள் முணுமுணுப்பது மேடை வரைக்கும் கேட்கும். விடைகொடுக்கும் நாளில் நாலு அடைமொழி அணிவிப்பது எங்கள் உரிமை, அம்மா. இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடியும் பிடியும் அறிந்த ஆசிரியர்கள் இத்தனை பேர் இருக்க, அலுவலகத்துத் தட்டச்சரான நான் இம்மடலை எழுதி வாசிக்கக் காரணம் உண்டு. அந்த விசாரணை அறையில் நடந்ததை நாற்காலியில் இருந்தபடி முழுவதும் பார்த்தவள் நான். அதைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டினால், சாமியை விட்டுவிட்டுத் தேரை மட்டும் இழுத்த கதையாகிவிடும்.

தாங்கள் இப்பள்ளிக்கு வந்த நாளில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. சிமிட்டா வரிசை என்று அதற்குப் பெயர். காலை அணிவகுப்பில் புதுக் காவலர்களை நிற்கவைத்து, பயிற்றுநர் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் படீர் படீரென்று கைதட்டிக்கொண்டே போவார். கண் சிமிட்டியவன் கோழை. கை தூக்கியவன் கோழையிலும் கோழை. அவர்கள் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடிவர வேண்டும். சிமிட்டாமல் நின்றவர்களில் தலைசிறந்தவர் என்று பெயர் வாங்கியவர், இன்று மேடையை அலங்கரிக்கும் கமிஷனர் எவாரிஸ்தோ ஐயா அவர்கள். இமையில் ஈ வந்து உட்கார்ந்தாலும் அசையமாட்டார் என்று இம்மாவட்டமே சொல்லும். அவரைப் பற்றி இங்கே பேச அவரிடமே முறையாக அனுமதி வாங்கியாகிவிட்டது. யாரும் பதற வேண்டாம்.

வந்த முதல் வாரமே தாங்கள் அந்த வரிசைக்கு முன்னே போய் நின்றீர்கள். "கண்ணை மூடாம நின்னு என்னய்யா ஆகப்போகுது? கண்ணுல குத்து வாங்கவா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டீர்கள். அன்றோடு அந்த வரிசையும் நின்றது, ஓட்டமும் நின்றது.

அந்தக் கேள்வி தங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல, பேருந்திலிருந்து வந்தது. இளம் காவலராக இருந்தபோது, நெரிசலான பேருந்தில் நடத்துனரை அடித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பிடிக்கப் போனீர்கள். அவன் திரும்பிய வேகத்தில் முஷ்டி முகத்துக்கு வந்தது. படித்த மணிக்கட்டுப் பிடியும் பழகிய இடுப்புப் பூட்டும் அந்தக் கணத்தில் மறந்தே போயின. கைகள் தாமாக எழுந்தன, விரல்கள் விரிந்தன, தோள் முன்னே சாய்ந்தது. அவன் அடி தங்கள் முன்கையில் பட்டு வழுக்கியது. அவனோ தங்கள் முழங்கையில் மோதி, பின்னிருக்கையில் ஒரு பெரியவர் மடியில் போய் உட்கார்ந்தான். ஊர் தங்களைப் புகழ்ந்தது. தாங்கள் மட்டும் வீட்டுக்குப் போய்க் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களாம். "நான் ஒண்ணும் செய்யல, கைதான் செஞ்சுச்சு. அப்போ கைக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்று வகுப்பில் சொல்வீர்கள். அந்த ஒரு வரியைத்தான் தங்கள் பணிக்காலம் முழுவதும் பாடமாக விரித்தீர்கள்.

என்ன வகுப்பு அம்மா அது! பாயில் அமர்ந்து யாராவது அசந்திருக்கும்போது ஈரத்துணி பறந்து வரும். தெரெரே குடிக்கச் சொல்லிக் குவளையை அன்போடு நீட்டுவீர்கள். வாங்கக் கை நீள்வதற்குள் மூலிகை மணக்கும் ஐஸ் தண்ணீர் முகத்தில் அடிக்கும். காவலர்கள் அலறுவார்கள், கைகள் மேலே போகும். "அப்படியே நில்லு. கை எங்க போச்சோ அங்கயே இருக்கட்டும், வெக்கப்படாத. விரலை விரி. முழங்கையை ஒடுக்காத. இப்போ முன்னால சாஞ்சு தள்ளு. அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது." துப்பாக்கியைத் தேடுகிற கையைக் கண்டால் தங்களுக்குப் பொறுக்காது. "நீ இடுப்பைத் தடவி முடிக்கிறதுக்குள்ள கத்தி வந்து சேந்துடும். ஏற்கெனவே மேல நிக்கிற கையை வெச்சு வேலையைப் பாருடா." அந்த வகுப்புக்கு அலறல் வகுப்பு என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளைச் சொல்லி மானத்தை வாங்கப்போவதில்லை.

பயந்த கைக்குப் பரிந்து பேசிய பெருமாட்டியே!

காவலர் அனஸ்தாசியோ ரோலோனை அறியாதவர் இங்கில்லை. நம் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கதவை அடைத்தாற்போல் நிற்கும் ஆள். ஒரு நண்பகலில் பேருந்து நிலையத்தில், குடிபோதையில் சண்டை போட்ட ஒருவனை விலக்கப் போனார். அவன் இறைச்சி வெட்டும் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்தான். ரோலோன் அலறினார். சாதாரண அலறல் அல்ல, நிலையத்துப் புறாக்கள் எல்லாம் பறந்து போகிற அலறல். முகத்துக்கு முன்னே கை போனது, உடம்பு முன்னால் சாய்ந்தது, மறுகணம் அந்த மனிதன் டிக்கெட் கவுண்டரோடு கவுண்டராக ஒட்டிக்கிடந்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆனால் யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளிப் படம் ஊரெல்லாம் சுற்றியது. முகத்தை மறைத்துக்கொண்டு அலறும் முரட்டுக் காவலரைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் ரோந்து போனால் தெருமுனையில் அதே அலறலை அலறிக் காட்டினார்கள். சீருடைக்கு இழுக்குத் தேடினார், கோழைத்தனம் காட்டினார் என்று குற்றச்சாட்டு வந்தது. உறுதியானால் ரோலோனுக்கு வேலை போகும். தங்கள் வகுப்பு மூடப்படும். சிமிட்டா வரிசை திரும்ப வரும். இத்தனையும் ஒரே விசாரணையில் தொங்கியது.

முந்தைய மாலை அவர் தங்கள் முன் வந்து தலைகுனிந்து நின்றார். "வாத்தியாரம்மா, நான் ஓடல. ஆனா கத்தினேன், அது நெசம்."

"கத்தினா என்னடா? மூச்சை வெளிய விட்டாத்தான் உடம்பு இறுகும். நாளைக்குத் தொப்பியை நல்லாத் தொடச்சுப் போட்டுக்கிட்டு வா" என்றீர்கள்.

விசாரணை அறையில் கமிஷனர் ஐயா நடுவில், இரு அதிகாரிகள் இருபுறமும், ஐயாவின் இடப்பக்கம் தட்டச்சுப் பொறியோடு நான். படத்தைச் சுவரில் ஓட்டினார்கள். அலறல் வந்ததும் அதிகாரிகள் சிரிப்பை அடக்கக் கைக்குட்டை தேடினார்கள். ரோலோனின் காது மடல்கள் சிவந்துபோயின.

"லிதுவினாம்மா, இதுதான் நீங்க கத்துக்குடுத்த லட்சணமா? மூஞ்சியை மூடிக்கிட்டுக் கூப்பாடு போடுறது?" என்றார் கமிஷனர் ஐயா.

"ஆமாங்கய்யா, நான் கத்துக்குடுத்ததுதான். நான் கத்துக்குடுக்காததும் ஒண்ணு அதுல இருக்கு."

"இந்தக் கதையெல்லாம் வேணாம். என் மூஞ்சிக்கு நேரா கையை ஓங்குங்க. நான் சிமிட்டுறேனா பாப்போம்."

"சொல்லிட்டு ஓங்கினா யாருதான் சிமிட்டுவாங்க? பஸ் ஸ்டாண்டுல அந்த ஆளு சொல்லிட்டா வந்தான்?"

"அப்போ பேச வேற ஒண்ணுமில்ல. நீங்க போகலாம்."

ரோலோன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தாங்களோ சல்யூட் அடித்துவிட்டு வாசல் பக்கம் நடந்தீர்கள். லிதுவினாம்மாவே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சாட்சி வெளியேறினார் என்று தட்டச்சும் செய்யத் தொடங்கிவிட்டேன். வாசலோரம் கான்டீன்காரம்மா வைத்துவிட்டுப் போயிருந்த பெரிய தகரத் தட்டை நான் கவனிக்கவில்லை.

கூரையே இடிந்து விழுந்தாற்போல் ஒரு சத்தம். கமிஷனர் ஐயாவின் காலடித் தரையில் தாங்கள் வீசிய தட்டு வந்து விழுந்து குதித்தது.

என் விரல்கள் விசைகளை விட்டு முகத்துக்குப் போய்விட்டன. ஓர் அதிகாரி மேசைக்குக் கீழே இருந்தார். இன்னொருவர் கோப்புக் கட்டை எடுத்துத் தலைமேல் வைத்திருந்தார். கமிஷனர் ஐயாவின் வலக்கை விரல் விரித்து முகத்துக்கு முன்னே நின்றது. அவர் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது, அது எந்தச் சுருதியில் இருந்தது என்பதை அவர் பதவிக்கு மதிப்பளித்து இங்கே எழுதாமல் விடுகிறேன்.

"யாரும் அசையாதீங்க. கை அப்படியே இருக்கட்டும்" என்றீர்கள். அதிகாரிகளும் அசையவில்லை, அம்மா. வகுப்பில் முதல் நாள் காவலர்கள் போல அப்படியே இருந்தார்கள். தாங்கள் திரும்பி வந்து படத்தை மறுபடி ஓடவிட்டு, அலறும் இடத்தில் நிறுத்தினீர்கள்.

"இவ்வளவு நாளும் எல்லாரும் இவன் மூஞ்சியைப் பாத்துத்தான் சிரிச்சீங்க. மூஞ்சியை விடுங்க. எடது கை எங்க இருக்கு பாருங்க."

பார்த்தோம். ரோலோனின் இடக்கை பின்னால் நீண்டிருந்தது. கூடையோடு நின்ற சிப்பா ரொட்டிக்காரி அப்பொலோனியா அம்மாவின் தோளைப் பிடித்து, அவரைத் தூணுக்குப் பின்னே தள்ளிக்கொண்டிருந்தது. ஊரே பலமுறை பார்த்த படத்தில் ஒருவர் கண்ணிலும் அந்தக் கை படவில்லை.

"இதை நான் கத்துக்குடுக்கல. உங்களுக்கும் யாரும் கத்துக்குடுக்கலீங்கய்யா" என்றீர்கள்.

அப்போதுதான் கமிஷனர் ஐயா தம் இடக்கையைக் குனிந்து பார்த்தார். அது என் தோளில் இருந்தது. தட்டு விழுந்த நொடியில் என்னை நாற்காலியோடு தமக்குப் பின்னே தள்ளி, அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தார். அவருக்கே தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

"எர்மெலிந்தா, உனக்கு ஒண்ணும் அடி படலயேம்மா?"

"இல்லைங்கய்யா."

பிறகு அவர் மேசைமேல் இருந்த தொப்பியை எடுத்து நீட்டினார். "டூட்டி நேரத்துல தலையைத் தெறந்து போட்டுக்கிட்டு நிக்கிற? எடுத்துப் போடுய்யா." ரோலோன் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு அழுதார். அதற்கடுத்த வாரம் கமிஷனர் ஐயா பயிற்சி உடையோடு தங்கள் வகுப்புக்கு வந்து, மற்றவர்களைப் போலவே முகத்தில் ஈரத்துணி வாங்கினார்.

அஞ்சுவதும் காப்பதும் ஒரே உடம்பின் இரு கைகள் என்று காட்டிய அன்னையே!

தாங்கள் உருவாக்கிய காவலர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களால் இன்று உயிரோடு வீடு திரும்பியவர்களில் காவலர்களும் உண்டு, கத்தி தூக்கியவர்களும் உண்டு. பேருந்து நிலையத்தில் அன்று பாய்ந்தவன் குடியை விட்டு, இப்போது அதே நிலையத்தில் மூட்டை தூக்குகிறான். ரோலோனைக் கண்டால் வணக்கம் சொல்கிறான். அப்பொலோனியா அம்மா இதோ நம்மிடையே கூடையோடு வந்திருக்கிறார். படத்தில் தெரிவது தம் தோள்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வகுப்பு மூடப்படாது, அம்மா. திங்கட்கிழமை காலை முதல் ரோலோன் நடத்துகிறார். ஈரத்துணி அவர் கைக்குப் போய்விட்டது. இனி எங்களுக்குத்தான் நிம்மதி இல்லை.

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. கான்டீன்காரம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நெளிந்த தகரத் தட்டின் நடுவிலேயே இதைப் பதித்துத் தருகிறோம். வீட்டில் மாட்டும்போது ஆணியை வலுவாக அடியுங்கள். விழுந்தால் குடும்பத்தோடு எல்லோர் கையும் மேலே போகும்.

நோயின்றி, நோவின்றி, நொந்த முழங்காலும் நலம்பெற்று, ஆற்றங்காற்று வீசும் வாசலில் அமர்ந்து, வருவோர் முகத்தில் தெரெரே வீசி விளையாடும் வாழ்வு தங்களுக்கு நெடுங்காலம் நிலைக்கட்டும். தங்களை நாங்கள் மிகவும் தேடுவோம். அதை மறைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இன்றைய நிகழ்ச்சி நிரலில் மரியாதை அணிவகுப்பு இல்லை. சீருடை இல்லாமல் வந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டருக்குக் கமிஷனர் முதலானோர் சல்யூட் அடிக்க விதியில் இடமும் இல்லை. அப்படிச் செய்யும்படி யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. ஆனால் நான் வாசித்து முடித்ததும் தாங்கள் எழுந்து நிற்பீர்கள். அப்போது இம்மண்டபத்தில் கைகள் எழுந்தால் அது எங்கள் குற்றம் அல்ல, அம்மா. தானாக எழும் கையைப் பாதியில் நிறுத்தாதே என்று சொல்லித் தந்தவர் தாங்கள், நாங்கள் நிறுத்தப்போவதில்லை.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
ஆசிரியர்கள், அலுவலர்கள், அலறல் வகுப்பில் அலறிய அனைவரும்,
காவலர் பயிற்சிப் பள்ளி, யுகுவாத்தி.