சிவப்பா ஒரு லிப்ஸ்டிக்

ஃபேஷனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லம்மா. முடி இவ்ளோதான் வளந்திருக்கு. உன் பேரென்ன, அனுஷாவா? நான் நோரா, உங்க பார்லருக்கு இப்பதான் வரேன், வீடு மர்பி டவுன்ல. போன வருசம் மார்ல கேன்சர்னு ஊசி போட்டாங்க. இடுப்பு வரைக்கும் இருந்த முடி பூரா மூணே வாரத்துல தலகாணிக்கு வந்துடுச்சு. முன்னாடி கம்பி மாதிரி நேரா இருக்கும். திரும்பி வந்தது பாரு, சுருட்டை. காசு குடுக்காம பர்மிங்.

சிரி, பரவால்ல. பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி என் மொட்டையப் பாத்துட்டு, திருப்பதி எப்பப் போனீங்கன்னு கேட்டா. கழுத்துல சிலுவை தொங்குது, அது அவ கண்ணுல படல. கேன்சர்னு சொன்னா உக்காந்து அழுவா, நான்தான் காப்பி போட்டுக் குடுத்து சமாதானம் பண்ணணும். அதனால போன வாரம்னுட்டேன். லட்டு எங்கன்னா. அல்சூர் மார்க்கெட்ல ரெண்டு லட்டு வாங்கிக் குடுத்தேன். கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னா. மூணாம் நாள் அவ வீட்டுக்கு போன் கனெக்‌ஷன் வந்துடுச்சு. ஆறு வருசமா எழுதிப்போட்டு வராதது. இப்ப தெருவே என்னைப் பாத்தா கும்புடுது.

எங்க வீட்டுக்காரரு சில்வெஸ்டர்தான் பாவம். விக் வாங்கறேன்னு போய், நாடகக் கம்பெனிக்கு வாடகைக்கு விடற கடைல முட்டி வரைக்கும் தொங்கற டோப்பா ஒண்ணு புடிச்சிட்டு வந்தாரு. அதைப் போட்டுக்கிட்டு சர்ச்ல நன்மை வாங்கப் போனா, அப்பத்த நீட்டுன ஃபாதர் கை அப்படியே நின்னுடுச்சு. டோப்பாவத் தூக்கிப் பரண்ல போட்டேன். ஆனா அப்புறம் அந்த மனுசன் என் மொகத்தப் பாத்தே பேசல. காலண்டரப் பாத்துத்தான் பேசுவாரு, மாத்திரை போட்டியான்னு. ஊசிய விட அதுதாம்மா வலிச்சுது.

பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒரு நாள் கிரிக்கெட் மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. நல்ல சிவப்பா லிப்ஸ்டிக் போட்டு, கல்யாணக் கம்மல மாட்டி, மொட்டையோட டிவிக்கு முன்னாடி போய் நின்னேன். நகரு, ஸ்கோர் தெரியலன்னாரு. நகரல. ஸ்வல்ப நேரம் பாத்தாரு. அப்புறம் டிவிய ஆஃப் பண்ணிட்டாரு. மீதிய உனக்குக் கல்யாணமானப்புறம் சொல்றேன்.

சரி, கத்தரிய வை. மெஷின எடு. ஓரம் இல்லம்மா, முழுசா. இந்தச் சுருட்டை நல்லாத்தான் இருக்கு, எனக்கும் வச்சுக்க ஆசைதான். நேத்து ரிப்போர்ட் வந்துச்சு, மறுபடியும் வந்திருக்கு. திங்கக்கெழமைலேர்ந்து ஊசி. இந்தத் தடவை தலகாணில பொறுக்கிட்டிருக்க மாட்டேன், நானே எடுத்துடறேன். அவருக்கு இன்னும் தெரியாது. வெளிய ஸ்கூட்டர் மேல உக்காந்திருக்காரே, அவருதான். வாயால சொல்லலாம்னு பாத்தேன், வரல.

அழாத, கை ஆடுனா என் காது போயிடும். முடிச்சிட்டு லிப்ஸ்டிக் போட்டு விடு. இருக்கறதுலயே சிவப்பா இருக்கறத எடு.