பூட்டு தொங்கினால் குழியில் ஆள் இல்லை

அன்றைக்குக் காலையில் வாய்க்கால் கரையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: மரபுச் சங்கத்துச் செயலாளர் மாலதி மேடம், பகலில் மதகு ஷட்டர் பார்க்கிற பழனிவேல், என் அக்கா புருஷன் தில்லைநாதன் மாமா, நான். மேளக்காரர்களையும் பந்தலில் இருந்த விருந்தாளிகளையும் சேர்க்கவில்லை. அவர்கள் பஜ்ஜியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பஜ்ஜியும் நன்றாக இல்லை, சார். எண்ணெய் ஜாஸ்தி.

மெதுவாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அவசரமில்லை. ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு அவசரம் என்பதே மறந்துபோகும்.

கெடிலம் ஆற்றிலிருந்து பிரிகிற அந்த வாய்க்காலில் ராத்திரி ஷட்டருக்கு நான் பொறுப்பு. அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில் வெளியே வந்தவன். வந்தேன் என்று நான் சொல்வேன். துரத்தினார்கள் என்று மாமா சொல்வார். இந்த வேலை மாமா வாங்கிக் கொடுத்தது. வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு நமக்குப் பெயர் வைக்கிற உரிமையும் வந்துவிடுகிறது. அவர் எனக்கு வைத்த பெயர் அரைகுறை. வீட்டுக்குப் போனால், "அரைகுறை வந்துட்டான், அவனுக்கும் ஒரு தட்டு வையி" என்று அக்காவுக்குக் குரல் கொடுப்பார். அக்கா சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க நான் தட்டில் இருப்பதைச் சாப்பிடுவேன். கோபமெல்லாம் இல்லை. எனக்குக் கோபம் வராது.

எனக்கு ப்ளம்லி துரை இருந்தார்.

ஜோசையா ப்ளம்லி, கம்பெனி காலத்தில் தேவனாம்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஆலைத் தச்சர். தண்ணீரில் சுற்றும் சக்கரம், அதற்கு மரத்தில் பல்சக்கரம், மாவு ஆலை, கோட்டைக்கு நீர் ஏற்றும் பம்ப், மதகு எல்லாவற்றையும் தானே வரைந்து தானே செதுக்கிப் பொருத்துகிறவர். அந்தக் காலத்தில் இன்ஜினியருக்குப் பட்டம் கிடையாது. எங்கே பாதியில் விட்டாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரைப் பற்றி மிச்சமிருப்பது ஒரு கல்லறையும் ஒரு பழைய நூலில் நாலைந்து வரிகளும். மீதியை நான் எழுதினேன். பொய் என்று சொல்லாதீர்கள். ராத்திரி பூராவும் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு ஆலைத் தச்சன் என்ன நினைப்பான் என்று தானாகத் தெரிந்துவிடும்.

அவர் ஊரில் ஆறு என்றால் வருஷம் பூராவும் ஓடும். இங்கே வந்து சேர்ந்தது கார்த்திகையில். கரைபுரண்டு போன கெடிலத்தை அளந்து, அந்த வேகத்துக்கு ஒரு சக்கரம் செய்தார். பங்குனியில் முகத்துவாரத்தை மணல் மூடி, ஆறு, மாடு படுக்கிற இடமாகிவிட்டது. சிப்பாய்கள் சக்கரத்தில் துணி காயப்போட்டார்கள். துரை சளைக்கவில்லை. சக்கரத்துக்குள் கூலியாட்களை ஏற்றி மிதிக்கவிட்டார். ஒரு நாள் மேலே மழை பெய்து திடீரென்று தண்ணீர் வந்தது. ஆள் உள்ளே இருக்கும்போதே சக்கரம் சுற்றியது. 'துரையின் வெற்றி' என்ற அத்தியாயத்தில் அதை விரிவாக எழுதியிருக்கிறேன்.

மாமா அதைப் படித்தார். நான் கொடுக்கவில்லை, அவராக எடுத்துப் படித்தார்.

"உள்ள இருந்தவன் என்னாடா ஆனான்?"

"அது நூல்ல இல்ல மாமா."

"நீதானடா எழுதின? தொரையோட தொப்பி என்னா கலருன்னு ஒரு பக்கம் எழுதத் தெரியுது. சக்கரத்துல மாட்டினவன் செத்தானா பொழச்சானான்னு ஒரு வரி எழுத முடியலியா?"

உண்மையில் அது எனக்குத் தோன்றவில்லை, சார். கதைக்குத் தேவைப்படவில்லை.

மாலதி மேடம் வேறு மாதிரி படித்தார். அழுதேன் என்றார். துரையின் சக்கரத்தை அப்படியே மறுபடி செய்து வாய்க்காலில் நிறுத்தலாம், விழா வைக்கலாம், பலகையில் துரையின் பெயருக்குக் கீழே என் பெயரும் வரும் என்றார். இவன் எதற்கும் லாயக்கில்லை என்றுதான் அதுவரை எல்லோரும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பலகையில் இருந்தால் யாரும் அடித்துத் திருத்த முடியாது.

வாய்க்காலை நான்தான் அளந்தேன். கார்த்திகையில் அளந்தேன். துரை செய்த தவறையே செய்தாயே என்று மாமா கேட்டார். தவறு இல்லை. துரை செய்தபடி செய்வதற்குப் பெயர்தான் மரபு.

மாசியில் சக்கரத்தை மாட்டித் தண்ணீர் விட்டபோது அது அசையவில்லை. ஒரு கொக்கு வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

"கார்த்திகையில அளந்துட்டு மாசியில சுத்துன்னா, அது என்னா ராட்டினமா, நீ தள்ளிவுட்டதும் சுத்தறதுக்கு?" என்றார் மாமா. பழனிவேல்கூடச் சிரித்தார். பழனிவேல் யாருடைய ஜோக்குக்கும் சிரிக்காத ஆள்.

விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மாலதி மேடம் மாமாவிடம் கெஞ்சினார். மாமா கட்டுமானத்தில் முப்பது வருஷம் இருந்த மேஸ்திரி. எதையாவது செய்து ஓட்டிவிடுவார். சக்கரத்துக்கு அடியிலிருக்கும் குழியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், மாவு அரைக்கிற கிரைண்டரின் மோட்டாரை மாட்டி பெல்ட் கோத்தார். ஸ்விட்சைத் தட்டினால் சக்கரம் அழகாகச் சுற்றியது. துரைக்கு ஒரு கிரைண்டர் மோட்டார். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "நாளைக்கி என்னையும் ரெண்டு வார்த்த பேசச் சொல்லியிருக்காங்க. கடசியில சொல்லிடப் போறேன், எல்லாரும் கைதட்டினீங்களே, அது தொர இல்ல, எங்க வீட்டு கிரைண்டருன்னு. பந்தலே சிரிக்கும் பாரு. இளவரசி, உன் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு, மொகம் வாடிப்போச்சி."

அக்கா சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.

குழியைப் பற்றி ஒரு விதி உண்டு. அதைப் போட்டதும் மாமாதான், அதில் அவருக்குப் பெருமை. ஷட்டரைத் தூக்கித் தண்ணீர் மிஞ்சினால் குழியும் நிரம்பும்; குழிக்கு ஒரே வழி, ஒரு சின்ன இரும்புக் கதவு. உள்ளே இறங்குகிறவர் கதவிலிருக்கும் பூட்டைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். பூட்டு கதவில் தொங்கினால் உள்ளே ஆள் இல்லை, ஷட்டரைத் தூக்கலாம். பூட்டு இல்லையென்றால் தூக்கக் கூடாது. கத்திச் சொல்ல வேண்டாம், கை காட்ட வேண்டாம்; ஷட்டர் மேடையிலிருந்து கதவைப் பார்த்தாலே போதும். நல்ல விதி. படிக்காதவர்கள் போடுகிற விதிகள் எளிமையாக இருக்கும்.

பழனிவேலை நீங்கள் லாக்கப்பில் வைத்திருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். அவர் மேடையில் நின்று கதவைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. மாலதி மேடம் கொடி அசைத்தார். இவர் ஷட்டரைத் தூக்கினார். விதிப்படி செய்தவரைப் பிடித்து வைத்தால் அப்புறம் விதி எதற்கு?

தண்ணீர் எப்படி அவ்வளவு வந்தது என்று கேட்டீர்கள். அதற்கு முந்தின சில ராத்திரிகளில் நான் ஷட்டரை இறுக்கி இறக்கியே வைத்திருந்தேன். கீழே வயல்காரர்கள் வந்து திட்டினார்கள். மேல்பக்கம் கரை வரைக்கும் நின்றது. பழனிவேல் காலையில் வந்து, "என்னாப்பா இம்மாந் தண்ணி நிக்கிது?" என்றார். விழாவுக்கு என்றேன். பொய் இல்லை. மோட்டார் இல்லாமல் தண்ணீராலேயே சக்கரம் சுற்ற வேண்டும் என்றுதான் தேக்கினேன். வேறு எண்ணம் அப்போது எனக்கு இல்லை. அதே வாரத்தில்தான் கதவில் இருப்பதைப் போலவே ஒரு பூட்டும் வாங்கினேன். அது என் தகரப் பெட்டிக்கு. என் பெட்டியில் திருடுவதற்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான்.

மாமாவுக்கு மேல்பக்கத் தண்ணீர் தெரியாது. பந்தல் மறைத்திருந்தது. குழியில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் ஈரம் இருந்தது.

ஷட்டர் ஏறியதும் தண்ணீர் சக்கரத்தில் மோதிய சத்தத்தை நான் மறக்க மாட்டேன், சார். மோட்டார் போடவே இல்லை. சக்கரம் அசைந்து, முனகி, கிளம்பியது. மேளம் உச்சத்தில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாலதி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிச் சுற்று வந்து நின்றுவிட்டது. அடியில் ஏதோ தடுத்தது. என் கணக்கில் தவறில்லை. தடை இல்லாமல் இருந்திருந்தால் முழுச் சுற்று வந்திருக்கும். எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். கேட்டது. மாமா கதவை உள்ளேயிருந்து தட்டினார். "மச்சான்" என்று கூப்பிட்டார். உறவு முறை சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டு வெகு காலமாகிவிட்டது. முதலில் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்க்க வரவில்லை என்று சொன்னீர்கள். வர வேண்டாம். அவளுக்குச் சக்கரமும் புரியாது, துரையும் புரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். செத்தவர் சட்டைப் பையில் ஒரு பூட்டு, கதவில் இன்னொரு பூட்டு. ஒரு கதவுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டீர்கள். பஜ்ஜி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பெல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கிவிட்டு வருகிறேன் என்று மாமா கிளம்பினார். கூடப் போனேன். பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். விதியை மதிக்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து உள்ளே இறங்கினார்.

"கதவத் தொறந்தே வையி அரைகுறை, உள்ள இருட்டா இருக்குது. இந்த வேலையாவது உருப்படியா செய்யி" என்றார்.

எனக்குக் கோபம் வராது என்று சொன்னேன் அல்லவா? வரவில்லை. துரையின் பெயருக்காகத்தான் செய்தேன். கதவைச் சாத்தினேன். என் பூட்டை மாட்டிப் பூட்டி, விழுந்துவிட்டதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். எதையும் நான் அரைகுறையாக விடுகிறவன் இல்லை.