குமுதினிக்கு நான் போட்ட கையெழுத்து

தமிழ்ச் சங்கத் தலைவர் நாகரத்தினம் அவர்களே, குமுதினியின் கணவர் சயந்தன் அவர்களே, அவரிடம் விளையாடப் பழகிய பிள்ளைகளே, மறைந்த குமுதினியை நினைவுகூர வந்திருக்கும் மான்மவுத் ஜங்ஷன் உறவுகளே, வணக்கம்.

அமெரிக்காவில் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்து நடத்தத் தொடங்கிய அந்த முதல் ஆண்டுகளிலேயே நட்சத்திரமாக நின்றவர் எங்கள் குமுதினி. பந்து அவர் கைக்குப் போனால் அரங்கமே எழுந்து நிற்கும். ‘கும்மி, கும்மி’ என்று வெள்ளைக்காரர்கள் கத்துவார்கள். அப்படிக் கூப்பிடச் சயந்தனுக்கே துணிவில்லை!

அந்த ஆட்டம் ஏன் இருபத்தாறு வயதில் முடிந்தது? முழங்கால் நோவோடு அடம்பிடித்து இறங்கினார் என்றுதானே கேள்விப்பட்டீர்கள்? வரதராஜாவாகிய நானும் அப்படித்தானே சொல்லி வந்தேன்? அது பொய்.

அவருடைய அணியின் வைத்தியர் நான். அவருடைய அந்தக் கடைசி ஆட்டத்தன்று எங்கள் சனம் மேளத்தோடும் வடைப் பெட்டியோடும் இரண்டு பஸ்ஸில் வந்திருந்தது. அந்த பஸ்களை ஒழுங்கு செய்தவனும் நான்தான். உடைமாற்றும் அறையில் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். வீங்கியிருந்தது. ஆடக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

“அண்ணை, விளையாடலாமோ? நீங்கள் சொல்லுறதைத்தான் செய்வன்” என்றார்.

“ஒண்டுமில்லை பிள்ளை, விளையாடு” என்று சொல்லி, ஆடத் தகுதி உண்டு என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் வந்த சனத்தை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. நான்காவது நிமிடத்தில் விழுந்தார். பிறகு அந்தக் களத்தில் அவர் இறங்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்தவர், “நான்தான் அடம்பிடிச்சனான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ” என்றார். சொன்னேன். இருபத்தேழு வருடம் வெட்கமில்லாமல் சொன்னேன். அவர் என் வேலையைக் காப்பாற்றினார். நான் அவரைச் சொல்வழி கேளாதவர் என்று ஊர் பேச விட்டேன். சயந்தன், என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதிகூட எனக்கில்லை.

பிறகு அவர் இந்த ஊரில் எத்தனை பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்! ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் கேட்காமல் களத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். ஆடாமல் உட்கார்ந்தால் காலேஜ் விண்ணப்பம் கெட்டுவிடும் என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். அவர் அசையவில்லை. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நாளை அவருடைய நினைவு ஆட்டம். டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டது. அணித்தலைவி வெண்பா, நம் தலைவரின் மகள், சற்று முன் வாசலில் நொண்டி நொண்டி வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. “இட்ஸ் ஃபைன் அங்கிள், ஆன்ட்டிக்காக ஆடணும்” என்றாள்.

தலைவர் அவர்களே, உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான் வந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பேன். குமுதினி, உனக்குச் சொல்லாமல் விட்டதை இந்தச் சபையில் சொல்கிறேன்.

வெண்பா, நாளைக்கு நீ விளையாடக்கூடாது பிள்ளை.