என்ன வாசம்னு சொல்லுங்க

நல்லாருக்குன்னு மொட்டையாச் சொன்னா எப்படி தம்பி? எதப் போல இருக்குன்னு சொல்லுங்க. கூச்சப்படாதீக. இந்தா, கையக் கிட்டக்க கொண்டாரேன். தழும்புதான், ஆறிருச்சு, பயப்படாம மோந்து பாருங்க. பஸ்ஸு திருத்தங்கல் வர இன்னும் நேரம் கெடக்கு.

கிராம்பா? சரி. மொளகு... ம். அடியில? கரிசக்காட்டுல மொத மழ விழுந்த மாரியா? அட, நல்லாச் சொன்னீக! மல்லாங்கிணறு பக்கம்தான் நமக்கு ஊரு, அந்த வாசம் தெரியும். நேத்துப் பக்கத்துல உக்காந்தவரு, என்னய்யா மசாலாக் கடையில வேலையான்னு கேட்டுட்டாரு.

எம் பொண்டாட்டி ராமுத்தாய் வாங்குன சென்ட்டு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்தா. தீவாளி போனஸ் வந்தா எனக்கு ஒரு பாட்டிலு. உங்க மேல எப்பவும் கந்தக நாத்தம்னு திட்டிக்கிட்டே, அவளே காலர்ல தேச்சுவிட்டு, எப்படியிருக்குன்னு கேப்பா. ஜம்முனு இருக்கு புள்ளன்னுவேன். அம்புட்டும் பொய்யி.

எனக்கு மூக்கு செத்துப்போயி பன்னெண்டு வருசமாச்சு தம்பி. பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற வேல. மொதல்ல மல்லிப்பூ போச்சு, பெறகு மீன்கொழம்பு, பெறகு எல்லாமே. ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சா கலவ ரூம்ல உக்கார விடமாட்டாரு, அதான் மூச்சு விடல.

அவகிட்டயா? அவகிட்டயும்தான். தெரிஞ்சா, வேலைய விட்டுட்டு வாங்கன்னு கம்பெனி கேட்லயே வந்து நிப்பா. அப்படி ஆளு. அதனால அவ கொழம்பு கொதிக்கையில எல்லாம் மூக்க இழுத்து, ஆகா, தெருவே மணக்குதும்பேன். போதும் நடிப்புன்னு சிரிப்பா. எம்புட்டு நடிப்புன்னு அவளுக்குத் தெரியாது.

இப்ப வேலைக்கிப் போகல. இதத் தேச்சுக்கிட்டு பஸ் ஏறுவேன். யாராச்சும் இப்படிச் சொல்லுவாகள்ல, என்ன வாசம்னு.

அவளா? போன ஐப்பசியில போயிட்டா. பட்டாசா? தழும்பப் பாத்துட்டு எல்லாரும் அதான் கேக்காக. இல்ல, வீட்லதான். அன்னைக்கு அவளுக்குச் சளி, மூக்கு அடச்சுக் கெடந்துச்சு. காப்பி போடப் போனவ, தீக்குச்சியக் கையில வச்சுக்கிட்டே கேட்டா, ஏங்க, கேஸ் வாட ஏதும் வருதா பாருங்க, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு.

உங்க ஸ்டாப்பு வந்துருச்சு, எந்திரிங்க தம்பி. பைய மறந்துறாதீக.

நான் வாசப்படியில நின்னு, எப்பவும் போல நல்லா இழுத்து மோந்தேன். ஒண்ணும் வரல புள்ள, பத்தவையின்னேன்.