யூஜினாகிட்ட யாரு சொல்றது

இல்ல டீச்சர், தொத்துற வருத்தம், வியாதி இல்ல. ரயிலு சன்னலோட ஒட்டிக்கிட்டு உக்காராதீங்க, தள்ளி வாங்க. நான் இருமுறதால ஒங்களுக்கு ஒண்ணும் வராது. வரணும்னா என்னய மாதிரி முப்பத்தி நாலு வருசத்துக்கு முன்னுக்கு அஸ்பெஸ்டோஸ் சீட்டு அறுத்திருக்கணும். அறுத்தீங்களா? இல்லல்ல. அப்ப தாராளமா உக்காருங்க.

பேரு மீசோதீலியோமா, கேன்சர்ல ஒரு சாதி. வாயில நொழயவே ரெண்டு நாள் போச்சி. பக்கத்துக் கட்டில்காரன், அந்த ஸ்டேசன்ல கோச்சி நிக்குமான்னு கேட்டான்.

விசயம் இதுதான். நீங்களும் வட்டகொடையிலதான எறங்குறீங்க? தேயிலத் தோட்டத்துல நம்ம லயத்து வீடு ஸ்டேசனுக்கு மேலதான். ஒரு எட்டு வந்து, எம்பொண்டாட்டி யூஜினாகிட்ட இந்த வருத்தத்தப் பத்தி நீங்க சொல்லணும். வெயாழக்கெழம அவளயும் கூட்டியாரச் சொல்லியிருக்காரு டொக்டர், மருந்து ஏத்துறதா என்னன்னு பேசி முடிவெடுக்க. நான் சொன்னா எடுபடாது டீச்சர். கஸ்பர் வாயத் தொறந்தாலே தோட்டம் சிரிக்கும். ஃபாதர் மாதிரி பேசுவேன், தொர மாதிரி பேசுவேன், தொர வீட்டு நாய் மாதிரியும் பேசுவேன். போன மாசம் மூச்சு வாங்கி லயத்துப் படியிலயே குந்திட்டேன். சனம் கை தட்டுது! ஒருத்தன் அண்ணே இன்னொருக்காங்கிறான். செஞ்சேன். ஆசயா கேட்டுட்டானே.

சிரிக்காதீங்க, பாடத்தக் கேளுங்க. தப்பா சொல்லிறப்படாது. சுவாசப்பையச் சுத்தி மெல்லிசா தோலு இருக்காம். ரொட்டியச் சுத்துன பொலித்தீன் லன்ச் சீட் மாதிரின்னு வையிங்க. நோவு ரொட்டிக்கு இல்ல, லன்ச் சீட்டுக்கு. செல பேருக்கு வயித்துக்குள்ள இருக்குற தோலுல வரும். இருதயத்தச் சுத்தியும் வருமாம், அது ரொம்பக் கொறவு.

அதுல மூணு ரகம். மொதலாவது நம்ம பழய கணக்கப்புள்ள. ம்ம்ம்... பாப்பம்... ம்ம்ம்னு மெதுவா வரும். ரெண்டாவது, அதட்டி வேல வாங்குற கண்டாக்கு. ஏய்! எவன்டா அங்க! மருந்துக்கும் அடங்காது, மாத்திரைக்கும் அடங்காது. மூணாவது ரெண்டும் கலந்தது, நம்ம சின்னத்தொர. காலயில சிரிப்பு, பின்னேரம் கடி.

எனக்கா? கணக்கப்புள்ளதான். நிதானமான ஆளு. ஆனா வேலய முடிக்காம போகமாட்டாரு.

சீட்டு அறுத்தேன்னேன்ல, அப்பதான் லயத்துக் கூரைக்கெல்லாம் தகரத்தக் கழட்டிட்டு சீட்டுப் போட்டாங்க. நான் வாள் வச்சி அறுப்பேன். மூஞ்சி பூராவும் வெள்ளத் தூளு. அப்புடியே கொழுந்து நிறுக்கிற எடத்துக்குப் போயி, வெள்ளக்காரத் தொர மாதிரி நெஞ்ச நிமித்தி, வாட் இஸ் திஸ், பிளடி கொழுந்துன்னு ஒரு அதட்டு. கூடயோட நின்ன ஒரு புள்ள விழுந்து விழுந்து சிரிச்சிச்சி. யூஜினாதான். மறுநாள்ல இருந்து வேணும்னே ரெண்டு கை அள்ளிப் பூசிக்கிட்டுப் போனேன். அந்தத் தூளு முப்பத்தி நாலு வருசம் சத்தம் போடாம உள்ள குந்தியிருக்கு. என்னால நாலு நிமிசம் முடியாது!

மொதல்ல மேடு ஏறயில மூச்சு வாங்கிச்சி. பொறகு வறட்டு இருமல். வெலாவுல குத்து. பொறகு மெலிஞ்சி, கட்டுன சாரம் இடுப்புல நிக்கல. நெஞ்சுல ஊசி போட்டு ஒண்ணர லீட்டர் தண்ணி எடுத்தாங்க, பாலூத்தாத பிளேன்டி நெறத்துல. சீனி போடலியான்னு கேட்டேன், நேர்ஸ் மொறச்சா. திரும்பத் திரும்ப ஊறுமாம். போகப் போக மூச்சும் சாப்பாடும் கொறையும். சொகமாகாது, தள்ளிப்போடலாம்னாரு டொக்டர். இதயும் சொல்லிருங்க. மெதுவா.

டொக்டரா? சொன்னாரே. நேத்து ஆஸ்பத்திரில இருந்தே யூஜினாவுக்குப் போன் எடுத்தாரு. நான்தான் டொக்டர் கொரல்ல பேசுறேன்னு அவருக்கே ஏசிட்டா. ஏய் மனுசா, கூத்து போதும், வரயில கருவாடு வாங்கிக்கிட்டு வா! அவரு போனப் பொத்திக்கிட்டு எங்கிட்ட கேக்குறாரு, கஸ்பர், கருவாடு எதுக்கு?

நான் பக்கத்துல இருந்து, யூஜினா, டொக்டர்தாண்டின்னு கத்துனேன். ரெண்டு கொரலும் ஒரே நேரத்துல கேட்டுச்சில்ல. நம்பிட்டா.

அழுதா டீச்சர். இந்தத் தோட்டத்துல நான் பேசாத கொரல் இல்ல. அது எனக்குத் தெரியாத கொரலு.

பொறுக்கல. எம்போன்ல எடுத்தா நம்பர் தெரிஞ்சிரும்னு, கீழ எறங்கி தேத்தண்ணிக் கடக்காரர்ட போன வாங்கி, டொக்டர் மாதிரியே எடுத்தேன். அம்மா, மன்னிக்க வேணும், ரிப்போட் மாறிப்போச்சி. கஸ்பருக்கு ஒண்ணும் இல்ல. எப்பவும் மூணாவது சொல்லுலயே என்னயப் புடிச்சிருவா. நேத்து புடிக்கல.

இன்னைக்குக் காலயில அவளே எனக்குப் போன் எடுத்தா. அந்தோனியாருக்கு நேந்துவிட்ட சேவல அறுத்துட்டாளாம். லயமே சாப்புடுதாம். எனக்கு ஒரு காலு எடுத்து வச்சிருக்காளாம்.

வாங்க டீச்சர், ஒங்களுக்கும் இருக்கும். மொதல்ல எல்லாரும் சாப்புட்டு முடிக்கட்டும்.